மூடிய மன்றம், ஓடிய நிர்வாகம்

பெருந்தொற்றுக் கால அமெரிக்கா என்றதும் வெள்ளை மாளிகையின் செய்தியாளர் சந்திப்புகளும் நியூயார்க் மருத்துவமனை வாசல்களும்தான் நினைவுக்கு வருகின்றன. அதே மாதங்களில் யாரோ திருமண உரிமம் கேட்டு விண்ணப்பித்தார்கள். யாரோ வீட்டை விற்றார்கள். இறந்துபோன தந்தைக்குச் சான்றிதழ் வேண்டி யாரோ வரிசையில் நிற்க வந்து, கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்பினார்கள். சாலைப் பணிக்கு வந்த ஒப்பந்தப்புள்ளியைத் திறந்தாக வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவில் இவை அனைத்தையும் கவனிப்பது கவுன்ட்டி அரசு. செய்திகளில் அது அதிகம் அடிபடவில்லை. ஆனால் நெருக்கடியிலும் அன்றாடப் பணியை நிறுத்தாமல் நடத்திய அதன் முறையில், ஆராய்ந்து பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

நம் மாவட்ட நிர்வாகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கவுன்ட்டியைப் புரிந்துகொள்ள முடியாது. மேலிருந்து நியமிக்கப்படும் ஆட்சியர் அங்கே இல்லை. மக்கள் தேர்ந்தெடுக்கும் மேற்பார்வையாளர் குழு ஆள்கிறது. பெரும்பாலும் ஐந்து பேர். சிறை, பொதுச் சுகாதாரம், தேர்தல், சொத்து மதிப்பீடு, பத்திரப் பதிவு, ஏழைகளுக்கான உணவு உதவி எல்லாம் அதன் பொறுப்பு. மாநிலத்தில் இப்படி 58 கவுன்ட்டிகள். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு ஐந்து மேற்பார்வையாளர்கள்; சியரா நெவாடா மலையில் இருக்கும் ஆல்பைன் கவுன்ட்டியில் சுமார் 1,200 பேருக்கும் ஐந்து மேற்பார்வையாளர்கள். அப்போது இரண்டுக்கும் ஒரே கூட்டச் சட்டம்.

2020 மார்ச் 16 அன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் ஆறு கவுன்ட்டிகள், மக்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று ஆணையிட்டன. மாநில ஆளுநர் கேவின் நியூசம் அதையே மாநிலம் முழுவதற்கும் அறிவித்தது மூன்று நாள் கழித்துத்தான். ஊரை முடக்கும் துணிவு கவுன்ட்டிகளின் சுகாதார அலுவலர்களிடமிருந்து வந்தது. அந்த ஆணையிலேயே ஒரு விலக்கும் இருந்தது: அத்தியாவசிய அரசுப் பணி எது என்பதை அந்தந்த அரசு அமைப்பே தீர்மானித்துக்கொள்ளலாம். முடிதிருத்தும் கடைக்கு இந்தச் சலுகை கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை; வேறு வழியும் இருந்திருக்காது. ஆனால் எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பதை அரசு தன் வசதிப்படி முடிவுசெய்யும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது.

முதலில் சேவைகளை எடுத்துக்கொள்வோம். இங்கே கவுன்ட்டிகளுக்கு நல்ல மதிப்பெண்ணே தர வேண்டும். ஆரஞ்ச் கவுன்ட்டியின் பதிவு அலுவலகம் 2020 ஏப்ரலில் அனஹைம் நகரின் ஹோண்டா சென்டர் வளாகத்துக்குப் போனது. அது ஐஸ் ஹாக்கி அரங்கம். ஆட்டங்கள் நின்றுபோனதால் டிக்கெட் கவுன்ட்டர்கள் சும்மா கிடந்தன. மணமக்கள் கார் நிறுத்துமிடத்துக்கு வந்து காத்திருக்க, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஊழியர்கள் திருமண உரிமம் கொடுத்தார்கள். சட்டத் திருத்தமோ புதிய மென்பொருளோ இல்லாமல், ஒரு ஜன்னலையும் ஒரு கண்ணாடியையும் வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். அந்த மாத இறுதியில் காணொளி வழியாகவே உரிமம் பெற ஆளுநரின் ஆணை இடம்கொடுத்தது. உரிமத்தை வெறும் தாள் என்று தள்ளிவிட முடியாது. துணையின் மருத்துவக் காப்பீட்டில் சேர்வதற்கும், குடியேற்ற விண்ணப்பத்துக்கும் அதுதான் அடிப்படை. வேலை போய்க்கொண்டிருந்த அந்த ஏப்ரலில் காப்பீட்டின் அவசரம் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை.

பத்திரப் பதிவு தப்பித்ததற்குக் காரணம் வேறு. மின்னணு முறையில் ஆவணங்களைப் பெற்றுக்கொள்ளும் சட்டம் 2004-லேயே வந்துவிட்டது. அந்த ஏற்பாட்டைச் செய்துவைத்திருந்த அலுவலகங்களில் கவுன்ட்டர் மூடிய பிறகும் பதிவு நடந்தது. ஆனால் பத்திரத்தில் கையெழுத்தைச் சான்றளிக்கும் நோட்டரியின் முன்னால் நேரில் நிற்க வேண்டும் என்ற விதியைக் கலிஃபோர்னியா தளர்த்தவில்லை. நியூயார்க் மாநிலம் மார்ச் மாதமே காணொளி வழிச் சான்றளிப்பை அனுமதித்துவிட்டது. கலிஃபோர்னியாவில் அதற்கான சட்டம் 2023-இல்தான் நிறைவேறியது. ஆக, பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை, ஆனால் நோட்டரியிடம் போயாக வேண்டும் என்ற விசித்திரமான நிலை. உலகத்துக்கே கணினித் தொழில்நுட்பத்தை விற்கும் மாநிலம் இது.

சொத்துவரியில் கைகள் கட்டப்பட்டிருந்தன. இரண்டாம் தவணைக்கான கெடு ஏப்ரல் 10. அதை மாநிலச் சட்டம் நிர்ணயித்திருந்ததால் பெரும்பாலான கவுன்ட்டிகளால் தள்ளிவைக்க முடியவில்லை. நோயாலோ ஊரடங்காலோ கட்ட முடியாதவர்கள் விண்ணப்பித்தால் அபராதத்தை நீக்கலாம் என்ற அளவுக்குத்தான் போக முடிந்தது. வடக்கே வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுன்ட்டி, தனிநபர்களுக்கான கெடுவை ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் 1 வரை நீட்டித்தது. கலிஃபோர்னியா முறையில் ஒரு நியாயம் உண்டு: அந்த வரியை நம்பித்தான் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவருக்கே கருணை என்றால், கருணை மிகவும் தேவைப்பட்டவர்கள் விடுபட்டுப்போவார்கள்.

ஊழியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலிஃபோர்னியச் சட்டப்படி அரசு ஊழியர் அனைவரும் பேரிடர்ப் பணியாளர்கள். அழைத்தால் வேறு வேலைக்கு வந்தாக வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் நூலகர்கள் தொற்றாளர்களின் தொடர்புகளைத் தேடித் தொலைபேசியில் அழைக்கும் வேலைக்குப் போனார்கள். பொறுமையாகக் கேள்வி கேட்டுத் தகவலைத் திரட்டுவது அவர்களுக்குக் கைவந்த கலை, பொருத்தமான தேர்வுதான்.

இருப்பதை வைத்துச் சமாளிக்கும் அணுகுமுறை சேவையில் வென்றது; கலந்தாலோசனைக்கு வந்தபோது தடுமாறியது. திருமண உரிமம் வாங்குபவருக்குத் தாள் கைக்கு வந்தால் போதும். அது ஜன்னல் வழியாக வந்தாலும் திரை வழியாக வந்தாலும் ஒன்றுதான். மேற்பார்வையாளர் குழுவின் கூட்டத்தை அப்படிப் பார்க்க முடியாது. அங்கே முடிவு மட்டும் வெளிவந்தால் போதாது. அது எடுக்கப்படுவதை மக்கள் பார்க்க வேண்டும், குறுக்கே பேச வேண்டும், முடிந்தால் தடுக்கவும் வேண்டும்.

1953-இல் வந்த பிரவுன் சட்டம் இதற்காகத்தான். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை ஒட்ட வேண்டும். அதில் இல்லாத பொருளில் பொதுவாக முடிவெடுக்கக் கூடாது. உறுப்பினர் ஒருவர் தொலைவிலிருந்து கலந்துகொண்டால் அவர் இருக்கும் இடத்தின் முகவரியை நிரலில் அச்சிட வேண்டும். அந்த இடத்துக்குள் பொதுமக்களை அனுமதிக்கவும் வேண்டும். வீட்டிலிருந்து பேசினால் வீட்டுக் கதவைத் திறந்துவைக்க வேண்டும் என்று பொருள். தொற்றுக் காலத்தில் இது நடக்கிற காரியமல்ல. 2020 மார்ச்சில் வந்த ஆளுநர் ஆணைகள் இந்த விதிகளை நிறுத்திவைத்தன. ஐந்து பேரும் ஐந்து வீடுகளில் இருந்துகொண்டு கூடலாம், மன்றத்தைப் பூட்டிவைக்கலாம், மக்கள் தொலைபேசியிலோ இணையத்திலோ பேசலாம்.

இதன் நன்மையைக் குறைத்துப் பேசுகிறவர்கள், பழைய மன்றத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் மேற்பார்வையாளர் குழு கூடுவது செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு. அந்த நேரத்தில் வந்து உட்கார முடிந்தவர்கள் ஓய்வுபெற்றவர்களும், வருவதற்கே சம்பளம் வாங்குகிற தரகர்களும், வேலையை விட்டுவிட்டு வருமளவுக்குக் கோபம் கொண்டவர்களும்தான். சான் பெர்னார்டினோ கவுன்ட்டியின் பரப்பு 50,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதன் கிழக்கு ஓரத்தில், பாலைவனத்தில் இருக்கும் நீடில்ஸ் நகரிலிருந்து தலைமையிடத்துக்குக் காரில் 300 கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். இரண்டு நிமிடம் பேசுவதற்காக அந்தப் பாலைவனத்தைக் கடப்பவர் எத்தனை பேர்? தொலைபேசி வந்ததும் வேலை இடைவேளையில் இருப்பவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், கைக்குழந்தையை மடியில் வைத்திருப்பவர் எல்லோருக்கும் ஒரே வாசல் திறந்தது.

ஆனால் அந்த வாசல் வழியாகக் குரல் மட்டும்தான் உள்ளே போனது. ஒரு மருத்துவமனைப் பிரிவை மூடப்போகிறார்கள் என்றால் இருநூறு பேர் ஒரே நிறச் சட்டையில் வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த மௌனத்தைப் பார்த்துக்கொண்டே கை தூக்குவது எந்த மேற்பார்வையாளருக்கும் எளிதல்ல. தொலைபேசி வரிசையில் அந்த இருநூறு பேரும் ஒரு எண்ணாகிவிடுகிறார்கள். நேரம் போதவில்லை என்று தலைவர் பேச்சு நேரத்தை ஒரு நிமிடமாகக் குறைத்தால், மன்றத்தில் முணுமுணுப்பாவது எழும். இணைப்பில் அதுவும் கேட்காது. குழுவின் பெரும்பான்மையினர் திரைமறைவில் தங்களுக்குள் பேசி முடிவெடுப்பதைப் பிரவுன் சட்டம் தடைசெய்கிறது. ஐந்து பேர் ஐந்து வீடுகளில் இருக்கும்போது மேசைக்கடியில் கைப்பேசியில் செய்தி அனுப்பிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடக்கவில்லை என்று பார்ப்பவர் தெரிந்துகொள்ள வழியில்லை என்கிறேன்.

இந்த இடத்தில் ‘ஒப்புதல் பட்டியல்’ பற்றிச் சொல்லியாக வேண்டும். சர்ச்சையில்லாத பொருள்கள் என்று அதிகாரிகள் கருதுபவற்றை, அவை நாற்பதோ ஐம்பதோ, ஒரே கட்டாகக் கட்டி ஒரே வாக்கெடுப்பில் நிறைவேற்றும் முறை அது. ஒப்பந்தப் புதுப்பிப்பு, பணியிட நிரப்பல், முந்தைய கூட்டக் குறிப்பு எல்லாம் அதில் அடங்கும். முறையாகப் பயன்படுத்தினால் அது தேவையானதுதான். ஒவ்வொரு தெருவிளக்குக்கும் விவாதம் நடத்தினால் விளக்கு எரியாது. ஆனால் எது வழக்கமான பணி என்று முத்திரை குத்துவதில்தான் அதிகாரம் இருக்கிறது. கட்டுக்குள் மறைந்திருக்கும் ஒன்றைப் பிரித்தெடுத்துத் தனியாகப் பேசவைப்பது பெரும்பாலும் மன்றத்துக்கு வந்த ஒரு குடிமகனின் கேள்வியோ, வாரந்தவறாமல் வந்து கடைசி வரிசையில் உட்காரும் உள்ளூர் நிருபரின் பார்வையோதான். மன்றம் பூட்டியிருந்தபோது அந்த உரசல் குறைந்தது. கூட்டங்கள் வழுக்கிக்கொண்டு போயின.

சாலைப் பணியும் தெருவிளக்கும் வழுக்கிக்கொண்டு போனால் கவலையில்லை. ஆனால் 2021 மார்ச்சில் நிறைவேறிய அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டம், நாடு முழுவதும் கவுன்ட்டிகளுக்கு 6,510 கோடி டாலர் ஒதுக்கியது. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டிக்கு மட்டும் சுமார் 190 கோடி டாலர். கவுன்ட்டிகளின் வரலாற்றில் கட்டுப்பாடு குறைந்த இவ்வளவு பணம் ஒரே நேரத்தில் வந்தது அரிது. அதை எதற்குச் செலவிடுவது என்ற பேச்சு, மன்றங்கள் பூட்டியோ பாதி திறந்தோ இருந்த காலத்தில் தொடங்கியது. இந்தக் காலத்தின் பெரிய இழப்பு இதுதான் என்பது என் கருத்து. முறைகேடு நடந்தது என்பதல்ல புகார். கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்க வேண்டிய இடத்தில் இல்லை.

மன்றத்தைப் பூட்டியதற்கு எழுந்த எதிர்ப்பு எல்லா இடத்திலும் இவ்வளவு நிதானமாக இல்லை. மாநிலத்தின் வடக்கே இருக்கும் சாஸ்டா கவுன்ட்டியில் 2021 ஜனவரி 5 அன்று நடந்ததைப் பார்க்கலாம். கூட்டம் இணையவழி என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஐந்து மேற்பார்வையாளர்களில் மூவர் தொலைவிலிருந்து இணைந்தார்கள். புதிதாகப் பதவியேற்ற பேட்ரிக் ஜோன்ஸும் லெஸ் பா என்ற இன்னொருவரும் ரெட்டிங் நகரில் இருக்கும் மன்றத்துக்கு நேரில் வந்தார்கள். கதவு திறந்தது, மக்கள் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் மூன்று காலி நாற்காலிகளைப் பார்த்து ஆத்திரத்தோடு பேசினார்கள். சில பேச்சுகள் மிரட்டலாகவே இருந்தன. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அந்த மூவரில் ஒருவரான லியனார்ட் மோட்டியை மக்கள் வாக்களித்துப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவர் குடியரசுக் கட்சிக்காரர், முன்னாள் காவல்துறைத் தலைவர். 2023 தொடக்கத்தில் புதிய பெரும்பான்மை, கவுன்ட்டியின் வாக்கு இயந்திர ஒப்பந்தத்தையே ரத்துசெய்தது.

இதற்கெல்லாம் இணையவழிக் கூட்டம்தான் காரணம் என்று சொன்னால் அபத்தம். சாஸ்டாவின் கோபத்துக்கு முகக்கவசம், மாநில ஆணைகள், தேசிய அரசியல் என்று பல வேர்கள் இருந்தன. நோய் உச்சத்தில் இருந்த அந்த ஜனவரியில் தொலைவிலிருந்து பேசிய மூவர் செய்ததுதான் சரி என்றே நினைக்கிறேன். இருந்தாலும் பூட்டிய கதவு, ‘இவர்கள் நம்மைப் பார்க்க அஞ்சுகிறார்கள்’ என்று சொல்ல விரும்பியவர்களுக்கு ஒரு படத்தைக் கொடுத்தது. வெளியில் ஒரு கூடாரமோ, ஹோண்டா சென்டர் கார் நிறுத்துமிடம் போன்ற ஏற்பாடோ இருந்திருந்தால் அந்தப் படம் கிடைத்திருக்காது. உரிமம் கொடுக்க ஜன்னல் தேடிய கற்பனை, மக்களைக் கேட்பதற்கு ஏன் ஒன்றைத் தேடவில்லை?

2021 செப்டம்பரில் வந்த ஏபி 361 என்ற சட்டம் சில குறைகளைச் சரிசெய்தது. கருத்துகளை முன்கூட்டியே எழுதி அனுப்பச் சொல்லக் கூடாது. கூட்டம் நடக்கும்போதே பேசவிட வேண்டும். ஒளிபரப்பு அறுந்தால், சரியாகும்வரை எந்த முடிவும் எடுக்கக் கூடாது. இவை இரண்டும் அருமையான விதிகள். மூன்றாவது ஒன்றும் இருந்தது: நெருக்கடி இன்னும் நீடிக்கிறது, நேரில் கூடுவது பாதுகாப்பாக இல்லை என்று குழு 30 நாளுக்கு ஒருமுறை ஆராய்ந்து தீர்மானிக்க வேண்டும். நோக்கம் நல்லதுதான்; விதிவிலக்கு வழக்கமாகிவிடக் கூடாது என்பதற்கான காவல் அது. நடைமுறையில் பல அமைப்புகள் அந்தத் தீர்மானத்தை ஒப்புதல் பட்டியலிலேயே சேர்த்துவிட்டன. நெருக்கடி நீடிக்கிறதா என்ற கேள்வி, ஜெனரேட்டர் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் சென்ற கூட்டத்தின் குறிப்புக்கும் நடுவே ஒரே மூச்சில் ‘ஆம்’ ஆயிற்று.

மாநில நெருக்கடி நிலை 2023 பிப்ரவரி 28 அன்று முடிந்தது. அதன் பிறகான சட்டங்களில் ஒரு சாய்வு தெரிகிறது. 2022-இல் இயற்றிய ஏபி 2449, உறுப்பினர் எந்தெந்தக் காரணங்களுக்காக, ஆண்டில் எத்தனை முறை தொலைவிலிருந்து கலந்துகொள்ளலாம் என்பதை நுணுக்கமாக வகுத்தது. அப்படி ஓர் உறுப்பினர் இணையும்போது மக்களுக்கும் இணைப்புத் தர வேண்டும். உறுப்பினர் எல்லோரும் நேரில் வந்துவிட்டால்? மக்களுக்கு இணைப்புத் தருவது குழுவின் விருப்பம். நீடில்ஸ்காரரின் உரிமை, மேற்பார்வையாளரின் காய்ச்சலைச் சார்ந்திருந்தது.

2025-இல் கையெழுத்தான எஸ்பி 707 இதைப் பெருமளவு மாற்றியது. 30,000 பேரோ அதற்கு மேலோ வாழும் கவுன்ட்டிகளில் மேற்பார்வையாளர் குழு மக்களுக்குத் தொலைவழி இணைப்புத் தந்தாக வேண்டும். தாமதமாக வந்தாலும் சரியான திசைதான். ஆனால் 30,000 என்ற கோட்டுக்குக் கீழே இருப்பவர்களைப் பாருங்கள். 8,700 பேர் வாழும் மோடாக். 1,200 பேர் வாழும் ஆல்பைன். ஆல்பைனில் பேர் வேலி என்ற குடியிருப்பு மலையின் ஒரு பக்கம். தலைமையிடமான மார்க்லீவில் மறுபக்கம். குளிர்காலத்தில் பனியால் எபெட்ஸ் கணவாய் மூடப்பட்டுவிடும். அப்போது சொந்தக் கவுன்ட்டியின் மன்றத்துக்குப் போக மலையைச் சுற்றிப் பல மணி நேரம் காரோட்ட வேண்டும். தொலைவழி இணைப்பு யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்குத்தான் சட்டம் அதை உறுதிசெய்யவில்லை. சிறிய கவுன்ட்டிகளில் ஆள் இல்லை, பணம் இல்லை என்பது வழக்கமான பதில். 2020-இல் எந்த முன்னேற்பாடும் இல்லாமல், சில வாரங்களுக்குள், பல கவுன்ட்டிகள் தொலைவழிக் கூட்டத்துக்கு மாறின. அன்று அவசரத்தில் அமைக்க முடிந்த ஒரு தொலைபேசி இணைப்பை இன்று அமைதியாக வைத்துக்கொள்ள முடியாது என்பதை நம்புவது கடினம்.