முதுகு ஊசியா, முழு மயக்கமா?

பிரஷர் ஏறிய கர்ப்பிணிக்கு சிசேரியன் என்றதும் எங்கள் பினாங்கு ஜார்ஜ்டவுன் மாமியார்கள் கேட்பது ஒன்றுதான்: "முதுகுல ஊசி போட்டா காலம் பூரா முதுகுவலியாமே?" யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் இதே கவலை. கேட்க வேண்டியதோ வேறு: ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எத்தனை?

இப்படிப் பிரஷர் ஏறும் பிரீஎக்ளாம்சியாவில் காலோடு தொண்டையும் வீங்கலாம். முழு மயக்கம் என்றால் அந்தத் தொண்டைக்குள் குழாய் இறக்க வேண்டும். ஏற்கெனவே 160-ஐத் தாண்டிய பிரஷர் அந்த நேரம் எகிறி மூளையில் ரத்தம் கசியலாம். வலிப்பைத் தடுக்க ஏற்றும் மக்னீசியம், முழு மயக்கத்தில் கொடுக்கும் தசை தளர்த்தும் மருந்தின் வேலையையும் நீட்டிவிடும். முதுகு ஊசியில் இந்த வம்பில்லை. இறால் மாதிரி சுருண்டு படுக்கவைத்து, மெல்லிய ஊசியில் இரண்டு மில்லி பியூபிவக்கேன். சில நிமிடங்களில் கால் மரத்துவிடும். பிரஷர் அதலபாதாளத்துக்கு விழும் என்று ஒரு காலத்தில் பயந்தார்கள். அது மிகைப்பட்ட பயம். தட்டணு சுமார் 70,000-க்குக் கீழே இறங்கினால்தான் சிக்கல்: முதுகுத்தண்டருகே ரத்தம் கட்டலாம். அப்போதும், வலிப்பு வந்து நினைவு தப்பிக் கிடந்தாலும், முழு மயக்கம்தான்.

கொழும்புக்கும் சென்னைக்கும் இந்தக் கணக்கு ஒன்றே. நடுராத்திரியில் யார் பக்கத்தில் இருக்கிறார் என்பதில்தான் வித்தியாசம். இலங்கையில் பிரசவம் அநேகமாக அரச வைத்தியசாலையில்தான். வீடு தேடி வரும் மிட்வைஃப் பிரஷரைக் கண்டுபிடித்தால், வி.ஓ.ஜி. (மகப்பேற்று நிபுணர்) உள்ள வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுகிறார். மயக்க மருந்து கொடுப்பவரும் அங்கேயே பணியில் இருப்பவர். தமிழ்நாட்டின் 'சீமாங்' என்ற அவசர மகப்பேறு மையங்களும் இதே நோக்கில் அமைந்தவை. ஆனால் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். தனியாரில் பாதிக்கும் மேல். சின்ன நர்சிங் ஹோமுக்கு மயக்க டாக்டர் போன் போட்டால் வருபவர். தட்டணு ரிப்போர்ட்டை நிதானமாகப் பார்க்க நேரமிருக்குமா என்பது, அவரை எப்போது கூப்பிட்டார்கள் என்பதைப் பொறுத்தது. கிராமப்புறங்களுக்கு நிபுணர் போதாமல், எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு மயக்க மருந்தில் குறுகிய காலப் பயிற்சி கொடுக்கிறது இந்தியா. முதுகு ஊசிக்குச் சரி. வீங்கிய தொண்டையில் குழாய் இறக்க அது போதாது என்பது என் எண்ணம்.

சொல்லிலும் இலங்கைத் தமிழர் கெட்டிக்காரர்கள். மரத்துப்போகப் போடுவதை 'விறைப்பூசி' என்கிறார்கள். நாங்களும் தமிழ்நாட்டாரும் அதையும் பெரும்பாலும் 'மயக்க ஊசி' என்கிறோம். தூக்கம் வரவில்லையே, மருந்து ஏறவில்லையோ என்று மேசையில் விழித்துக் கிடக்கும் பெண் பதறுகிறாள். பதறினால் பிரஷர் இன்னும் ஏறும்.