ஒரு சொட்டுத் தண்ணீர்

பிராணிகளைப் பற்றிக் கதை எழுதுவது சுலபம் என்று பல எழுத்தாளர்கள் நினைக்கிறார்கள். நானும் வெகு காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாயில்லா ஜீவன், அதன் தலையில் எந்த உணர்ச்சியை ஏற்றினாலும் மறுத்துப் பேசப் போவதில்லை. அது நோயாளியாகவும் இருந்துவிட்டால் இன்னும் சௌகரியம். வாசகர் கண்ணீருக்குத் தயாராகவே உட்கார்ந்திருப்பார். ஆசிரியர் லேசாக ஒரு தட்டுத் தட்டினால் போதும். இந்தச் சௌகரியத்தில் எவ்வளவு பெரிய பொய் ஒளிந்திருக்கிறது என்பதை எனக்குக் காட்டிக் கொடுத்தது, ஹிந்தியில் எழுதப்பட்ட மிகச் சிறிய சித்திரம் ஒன்று. மஹாதேவி வர்மாவின் 'கில்லு'. காக்கை கொத்திக் குற்றுயிராகக் கிடந்த ஓர் அணில் குஞ்சைப் பிழைக்க வைத்த விஷயம் அது.

மஹாதேவி வர்மாவை (1907–1987) ஹிந்தி உலகம் முதலில் கவிஞராகத்தான் கொண்டாடுகிறது. சாயாவாதம் என்று பெயர் பெற்ற கவிதை இயக்கத்தில் பிரசாத், நிராலா, பந்த் ஆகிய மூவரோடு நாலாமவராக வைத்து எண்ணப்படுகிறவர். 'யாமா' என்ற கவிதைத் தொகுதிக்காக 1982-ம் ஆண்டின் ஞானபீடப் பரிசைப் பெற்றவர். இன்று பிரயாக்ராஜ் என்று வழங்கும் அலகாபாத்தில், பிரயாக் மகிளா வித்யாபீடம் என்ற பெண்கள் கல்வி நிலையத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர். கவிதையில் அவர் மூட்டத்துக்குள் நடக்கிறவர். ஏங்குவது யார், யாருக்காக ஏங்குகிறார் என்பது பிடிபடாது. வசனத்துக்கு வந்துவிட்டால் பட்டப்பகல் வெளிச்சம். 1972-ல் வெளிவந்த 'மேரா பரிவார்' அப்படிப்பட்ட வசனம். 'என் குடும்பம்' என்று பொருள். அந்தக் குடும்பத்தில் மனிதர்கள் இல்லை. மயில், மான், முயல், பசு, நாய், குதிரை, கீரி என்று அவர் வளர்த்த பிராணிகள்தான். 'கில்லு' அவற்றில் ஒருவன். இதைப் பள்ளிக்கூடப் பாடமாகவும் வைத்திருக்கிறார்கள். பாடமாகிவிட்டதைப் பெரியவர்கள் மறுபடி எடுத்துப் படிப்பதில்லை என்பது எல்லா பாஷைக்கும் பொதுவான துரதிருஷ்டம்.

கதை என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. ஒரு நாள் காலையில் ஆசிரியை தம் அறையிலிருந்து வராந்தாவுக்கு வருகிறார். இரண்டு காக்கைகள் பூந்தொட்டிகளைச் சுற்றிச் சுற்றிக் கொத்திக்கொண்டிருக்கின்றன. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கிப் போய் ஒரு சின்னஞ்சிறு அணில் குஞ்சு. கூட்டிலிருந்து விழுந்திருக்க வேண்டும். அவ்வளவு சிறிய உடம்புக்கு இரண்டு அலகுக் காயங்கள் போதுமே. அசைவில்லாமல் தொட்டியோடு ஒட்டிக் கிடக்கிறது. காக்கை கொத்தினது பிழைக்காது, விட்டுவிடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர் விடவில்லை. உள்ளே எடுத்து வருகிறார். பஞ்சால் ரத்தத்தைத் துடைக்கிறார். காயத்தில் பெனிசிலின் களிம்பு தடவுகிறார். மெல்லிய பஞ்சுத் திரியைப் பாலில் நனைத்து அதன் வாயருகே வைக்கிறார். வாய் திறக்கவில்லை, பால் இரண்டு பக்கமும் வழிந்து போகிறது. பல மணி நேரப் பாடுக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. மூன்றாம் நாள் அந்தக் குஞ்சு தன் இரண்டு குட்டிக் கால்களாலும் அவருடைய விரலைப் பற்றிக்கொண்டு, நீலக் கண்ணாடி மணி போன்ற கண்களால் இங்கும் அங்கும் பார்க்கிறது.

சிகிச்சை இவ்வளவுதான். நாலைந்து வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. 'ஐயோ' என்று ஒரு சொல் கிடையாது. கை என்ன செய்தது, அதற்கு என்ன பலன் ஏற்பட்டது என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. பெனிசிலின் களிம்பு என்ற பெயர், மருந்துச் சீட்டில் நிற்பது போல அந்தக் கவிஞரின் வசனத்தில் நிற்கிறது. அதற்கு உவமை தேட அவர் முற்படவில்லை.

இதில் பால் உள்ளே போகாத இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பால் என்பது நம் மனத்தில் தாய்மை. அநாதைக் குஞ்சுக்கு ஒரு பெண் பால் புகட்டுகிறாள் என்றால், அது குடித்துவிட்டுக் கண் விழித்தது என்றுதான் நம்மில் பத்துப் பேரில் ஒன்பது பேர் எழுதியிருப்போம். அவர் எழுதவில்லை. பால் வழிந்தது, தண்ணீர் இறங்கிற்று என்று நடந்ததை நடந்தபடி வைத்துவிட்டார். அடிபட்ட அணில் குஞ்சுகளைக் காப்பாற்றுகிறவர்கள் இன்று சொல்லும் முறையைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கிறது. முதலில் உடம்புக்குச் சூடு. உடம்பு குளிர்ந்து கிடக்கையில் ஆகாரம் கொடுக்கவே கூடாது, ஜீரணமாகாது. சூடு வந்த பிறகு நீர், அதுவும் சொட்டுச் சொட்டாக; அவசரப்பட்டால் மூச்சுக் குழாயில் போய்விடும். அதற்கும் பிறகுதான் பால். பசும்பால் அணிலின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதுமில்லை. இந்த நியமங்கள் மஹாதேவி வர்மாவுக்குத் தெரிந்திருந்ததாகக் கதையில் அடையாளம் இல்லை. தெரியாமலே செய்தார், செய்ததை மறைக்காமல் எழுதினார். அதனால் அவர் அறியாத உண்மையும் அவர் எழுத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. நுணுக்கத்தில் நேர்மையாக இருப்பவனுக்குக் கிடைக்கும் கூலி இது.

நான் இப்படி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சொல்லிவிடுகிறேன். என் வீட்டிலும் ஓர் அணில் இருந்தது. ஓட்டுச் சந்திலிருந்து விழுந்ததை என் பெண் எடுத்து வளர்த்தாள். இரண்டு மாதம் ஓடி விளையாடியது, ஒரு நாள் திடீரென்று சுருண்டு விழுந்தது. வயிற்றுப்போக்கு; உடம்பு சில்லிட்டுவிட்டது. என் மனைவிதான் பார்த்தாள். பழைய கம்பளித் துண்டில் சுற்றி, வெந்நீர்ப் பாட்டிலை அணைத்து வைத்து, இங்க் பில்லரால் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை உதட்டோரம் விட்டுக்கொண்டு, மூன்று ராத்திரி விழித்திருந்தாள். அணில் பிழைத்துவிட்டது. நான் அதை ஒரு கதையாக எழுதினேன். பத்திரிகையில் வந்தது, பாராட்டிக் கடிதங்களும் வந்தன. படித்துவிட்டு என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: "பிழைச்ச அணிலை எதுக்குங்க கொன்னீங்க?"

ஆமாம், கதையில் அதைக் கொன்றிருந்தேன். செத்தால்தான் முடிவு 'நிற்கும்' என்று தோன்றியது. கம்பளித் துண்டு, வெந்நீர்ப் பாட்டில், இங்க் பில்லர் ஒன்றும் கதையில் இல்லை. கதாநாயகன் ஜன்னலருகே நின்று ஜீவராசிகளின் நிலையாமையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் யோசித்தான். விழித்திருந்தவளுக்கு அதில் ஒரு வரி இல்லை. 'கில்லு'வைப் படித்தபோதுதான் என் குற்றம் இன்னதென்று விளங்கிற்று. சிசுருஷை என்பது ஒரு வேலை. வேலையை எழுதினால் அன்பு தானே தெரியும். அன்பை எழுதப் போனால் வேலை மறைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் அன்பும் மறைந்து, எழுதுகிறவன் மட்டும் நிற்பான்.

'கில்லு'விலும் அணில் சாகத்தானே செய்கிறது என்று கேட்கலாம். சாகிறது, ஆனால் இரண்டு வருஷம் வாழ்ந்துவிட்டுச் சாகிறது. பூக்கூடையில் பஞ்சு பரப்பி ஜன்னலில் தொங்கவிட்ட ஊஞ்சல்தான் அவன் வீடு. அவர் எழுத உட்கார்ந்தால் அவன் திரைச் சீலையில் ஏறி இறங்கி, அவர் எழுந்து பிடிக்க வரும் வரையில் ஓயமாட்டான். நீண்ட கடித உறைக்குள் அவனைப் போட்டு வைத்தால், அங்கிருந்தபடியே மணிக்கணக்கில் அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். முதல் வசந்தம் வந்து, வெளியே அணில்கள் வலைக்கு அப்பால் நின்று கூப்பிடும்போது, அவர் ஆணிகளைப் பிடுங்கி வலையின் ஒரு மூலையைத் திறந்துவிடுகிறார். இந்தக் காரியம் களிம்பு தடவியதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. பிழைக்க வைத்தவருக்குப் பிழைத்தது தன்னுடையது என்று தோன்றுவது சகஜம். அவன் பகலெல்லாம் வெளியே போய்விட்டு, நாலு மணிக்குத் தானே திரும்பி வருகிறான்.

புத்தகத்தின் மற்றப் பக்கங்களோடு சேர்த்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். 'கௌரா' என்பது ஒரு பசுவின் கதை. பால் வியாபாரம் போய்விட்டதே என்று பால்காரன் வெல்லத்தில் ஊசி வைத்துக் கொடுத்துவிடுகிறான். டாக்டர்கள் வருகிறார்கள், மருந்து கொடுக்கிறார்கள், எல்லாம் வீண். 'நீலகண்ட்' என்ற மயிலின் கதையில் கால்விரல்கள் நசுங்கிய ஒரு பெண் மயிலை ஏழு ரூபாய்க்கு வாங்கி வந்து வைத்தியம் செய்கிறார். அது நொண்டி நடந்து பிழைத்துக்கொள்கிறது. பிழைத்ததும் மற்றப் பறவைகளைக் கொத்தித் துரத்துகிறது. இன்னொரு மயிலின் முட்டைகளை உடைக்கிறது. கடைசியில் நீலகண்டின் மரணத்துக்கே காரணமாகிறது. ஆக, மூன்று சிகிச்சைகள். ஒன்று பலித்து அன்பைத் தந்தது, ஒன்று பலிக்கவில்லை, ஒன்று பலித்துக் கேட்டைத் தந்தது. மூன்றையும் அவர் ஒரே கையால்தான் செய்கிறார். நல்லது செய்தால் நல்லது விளையும் என்ற நீதியைக் கில்லுவிடமிருந்து மட்டும் கறந்துகொள்ள நினைக்கிறவர்கள், மயிலின் கதையையும் படிக்க வேண்டும்.

குறைகள் இல்லையா? உண்டு. காக்கையைக் கண்டதும் அவர் காகபுசுண்டரையும் பித்ரு காரியத்தையும் நினைத்துக்கொள்கிறார். முன்னோர்கள் மயிலாகவும் வராமல் அன்னமாகவும் வராமல் காக்கையாகவே வருகிறார்களே என்கிறார். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கும் நமக்கு அது ரசிக்கும். ஆனால் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் உயிர் காத்துக் கிடக்கும்போது இந்த உபந்நியாசம் கொஞ்சம் நீளம்தான். அடுத்தது, முந்திரிப் பருப்பு. கில்லுவுக்கு அது கிடைக்காவிட்டால் மற்ற ஆகாரத்தை ஊஞ்சலிலிருந்து கீழே எறிவான். அவர் ரசித்து எழுதுகிறார். கொட்டைப் பருப்பாகவே தின்றால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து அணிலின் எலும்பு பலவீனமாகும் என்று இன்று தெரிந்திருக்கிறது. அணிலின் ஆயுளே இரண்டு வருஷத்துக்கு மேல் போகாது என்கிறார். நன்றாகப் பேணினால் அதற்கு மேலும் வாழும். இவை சாஸ்திரப் பிழைகள். கலைப் பிழைகள் அல்ல. அந்த முந்திரிப் பருப்பே பின்னால் கதையின் மிக நல்ல இடமாகவும் ஆகிறது. மோட்டார் விபத்தில் அடிபட்டு ஆசிரியை சில நாள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். திரும்பி வந்து ஊஞ்சலைச் சுத்தம் செய்யும்போது அது நிறைய முந்திரிப் பருப்பு. அவன் மிகக் குறைவாகவே தின்றிருக்கிறான். இதையும் அவர் விளக்குவதில்லை. காட்டுவதோடு சரி.

படுத்திருந்த அவருடைய தலையணையில் உட்கார்ந்து, கில்லு தன் குட்டிக் கால்களால் நெற்றியையும் தலைமயிரையும் வருடிக் கொடுத்தான் என்று எழுதும்போது, 'தாதி' என்ற சொல்லையே போட்டுவிடுகிறார். அணில்கள் ஒன்றையொன்று கோதிக்கொள்ளும் வழக்கம்தானே அது என்று ஒரு புத்திசாலி சொல்லலாம். இருக்கட்டும். நோயாளி தாதியாகவும், தாதி நோயாளியாகவும் இடம் மாறினார்கள் என்பது நடந்ததுதானே?

இராமர் விரலால் தடவியதால் அணிலின் முதுகில் மூன்று கோடு விழுந்தது என்பது நம் வீட்டுக் கதை. அலகாபாத் அணிலுக்கு ஐந்து கோடு. அந்தக் கணக்கு அங்கே செல்லாது. ஆனாலும் விரல் இருக்கிறது. நம் கதையில் பெரியவரின் விரல் சிறிய பிராணியைத் தொடுகிறது. இங்கே சிறிய பிராணி விரலைப் பற்றுகிறது. மூன்றாம் நாள், பிழைத்ததற்கு அடையாளமாகப் பற்றியது. இரண்டு வருஷம் கழித்து, பகலெல்லாம் ஒன்றும் தின்னாமல், வெளியேயும் போகாமல் இருந்துவிட்டு, இரவில் அந்த வேதனையோடு ஊஞ்சலை விட்டு இறங்கி அவர் படுக்கைக்கு வந்து, குளிர்ந்த கால்களால் அதே விரலைப் பற்றுகிறது. அவர் எழுந்து ஹீட்டரைப் போட்டுச் சூடு கொடுக்கப் பார்க்கிறார். விடியற்காலை முதல் வெளிச்சத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஸோன்ஜுஹி என்ற மஞ்சள் முல்லைக் கொடியின் அடியில் அவனைப் புதைக்கிறார். என்றாவது ஒரு வசந்தத்தில் மஞ்சள் பூவாக மலர்வான் என்று நம்பிக்கொள்கிறார். அந்தக் கடைசி நம்பிக்கை கவிஞருடையது. எனக்கு அது தேவைப்படவில்லை. ஹீட்டர் போதுமாக இருந்தது.

என் கதை ஒரு தொகுதியில் சேர்ந்து அச்சாகியும் விட்டது. இனி மாற்ற முடியாது. அணில் என்னவோ, தேறினபின் ஓட்டுச் சந்து வழியாகப் போய்விட்டது. சில நாள் கொல்லைப்புறத்து மரத்தில் அதன் குரல் கேட்டதாக என் பெண் சாதித்தாள். அந்த இங்க் பில்லரை மட்டும் என் மனைவி கழுவி அலமாரியில் வைத்திருக்கிறாள். இன்னொரு முறை எழுதினால் அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.