துளசி மாடத்தைச் சுற்றிப் பதினெட்டுக் கற்கள்

அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு என்ன கொடுப்பது என்று நாங்கள் நாலு பிள்ளைகளும் இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம். புடவை எடுத்தால் பீரோவில் அடுக்கிவிடுவாள். மடிப்புக் கலையாத பட்டே ஆறு கிடக்கிறது. தங்கம் என்றால் "பேத்திக்குப் போடு" என்பாள். கடைசியில் கொடுத்தது கற்கள். வெறும் கூழாங்கற்கள்தான், பெயின்ட் அடித்த பதினெட்டுக் கற்கள்! இத்தனை பேரை இத்தனை சந்தோஷப்படுத்திய பரிசை என் ஐம்பத்து மூன்று வயதில் நான் பார்த்ததில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடமும் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

யோசனை அக்கா மகளுடையது. அம்பாசமுத்திரத்து வீட்டின் புறவாசலில் அம்மாவுக்கு ஒரு சின்னத் தோட்டம் உண்டு. துளசி மாடம், பிச்சிக்கொடி, நந்தியாவட்டை, நாலைந்து தொட்டியில் கனகாம்பரம். விடிந்ததும் செம்போடு அங்கே போய்விடுவாள். "ஆளுக்கு ஒரு கல் வரைஞ்சு மாடத்தைச் சுத்தி வச்சுட்டா, ஆச்சி தினம் நம்ம எல்லாரையும் ஒரு சுத்து பாத்துருவாங்கள்லா" என்றாள் அவள். அதற்குப் பிறகு யாரும் வேறு யோசனையே சொல்லவில்லை.

தாமிரபரணி பக்கத்தில்தான் ஓடுகிறது. ஆனாலும் அதிலிருந்து அள்ளுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். ஆற்றில் கிடக்கிற கல் ஆற்றுக்கே. நர்சரியில் கிலோ கணக்கில் விற்கிறார்கள். உள்ளங்கை அளவில், ஒரு பக்கமாவது தட்டையாக இருப்பதைப் பார்த்துப் பொறுக்கினோம். ஒன்று கவனிக்க வேண்டும். கடையில் பளபளவென்று மின்னும் கல்லில் பல சமயம் மெழுகோ எண்ணெயோ ஏற்றியிருப்பார்கள். அதன்மேல் பெயின்ட் ஒட்டாது, தோலாக உரிந்து வரும். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, உப்புத்தாளால் லேசாக ஒரு இழுப்பு இழுத்து, ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவிட்டோம். ஈரம் உள்ளே தங்கிவிட்டால் அப்புறம் எத்தனை பூசினாலும் வீண்.

மே மாத விடுமுறை. பாளையங்கோட்டையில் என் வீட்டு ஹாலில் பழைய செய்தித்தாளை விரித்து, நாலு வயதுப் பேரனிலிருந்து அறுபத்தெட்டு வயது அத்தான் வரை எல்லோரும் சம்மணம் போட்டு உட்கார்ந்த காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டிவி ஓடவில்லை, ஒரு கையிலும் போன் இல்லை. அக்ரிலிக் வண்ணம்தான் இதற்குச் சரி. தண்ணீரில் கரைத்துப் பூசலாம், கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், காய்ந்தபின் தண்ணீருக்குக் கரையாது. ஃபெவிக்ரில், கேம்லின் இரண்டுமே ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கின்றன. முதலில் வெள்ளை அடித்துவிட வேண்டும், அதுதான் ரகசியம்! சாம்பல் கல்லின்மேல் நேராக மஞ்சள் பூசினால் அழுக்குப் பிடித்தது போல மங்கிக் கிடக்கும். அதே மஞ்சளை வெள்ளைக்குமேல் பூசிப் பாருங்கள், பூவரசம் பூ மாதிரி எழுந்து நிற்கும். ஒரே தடவையில் தடிமனாகப் பூசாமல், மெல்லிசாக இரண்டு கை.

அக்காவின் கல்லைத்தான் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். கறுப்புப் பின்னணி. அம்மா மார்கழியில் வாசலில் போடுகிற புள்ளிக் கோலத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கப் பார்த்தாள். பிரஷ் அவளுக்குக் கைகொடுக்கவில்லை. எழுந்து போய் சாமி அலமாரியிலிருந்து எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சிகளை எடுத்து வந்தாள். குச்சி நுனியை வெள்ளையில் தொட்டு நேராக நிறுத்தி வைத்து எடுத்தால், குண்டுமணி போல உருண்டையான ஒரு புள்ளி! மறுபடி தொடாமலே அடுத்தடுத்து வைத்தால் புள்ளி ஒவ்வொன்றாகச் சிறுத்துக்கொண்டே போகும். அதையே அவள் அழகாக்கிவிட்டாள். நடுவில் பெரிய புள்ளி, ஓரம் போகப் போகக் கடுகு. ஐம்பது வருஷம் கோலம் போட்ட கை அல்லவா, ஒரு புள்ளி கூட வரிசை தப்பவில்லை.

கல்லூரியில் வரலாறு படிக்கும் என் மகன் அதைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னான். பிரான்சின் தெற்கே மாஸ் தசில் என்று ஒரு குகை. 1880களின் இறுதியில் எடுவார்ட் பியெத் என்பவர் அங்கே தோண்டியபோது காவிக்கல் சிவப்பில் புள்ளியும் கோடும் வைத்த கூழாங்கற்கள் குவியலாகக் கிடைத்தனவாம். வைத்தவர்கள் பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் வாழ்ந்தவர்கள். எதற்காக வைத்தார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. அக்கா பேசாமல் அடுத்த புள்ளியை வைத்தாள்.

நாலு வயதுக்காரன் பெருவிரலைச் சிவப்பில் முக்கி ஒரு வெள்ளைக் கல்லில் ஏழு தடவை பதித்தான். அவன் அம்மா ஒவ்வொரு பதிவுக்கும் மெல்லிய பேனாவால் கால்கள் வரைந்ததும், முதல் மழைக்குச் செம்மண்ணில் ஊருமே அந்தப் பட்டுப்பூச்சி, அதுவாகவே ஆகிவிட்டது. அந்த விரல் ரேகை அத்தனை துல்லியமாக விழுந்திருக்கிறது. இன்னும் இருபது வருஷம் கழித்து அவனே வந்து தன் விரலை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். மஸ்கட்டிலிருக்கும் தம்பி அங்கேயே ஒரு கல்லில் கப்பல் வரைந்து, பனியனில் சுற்றிப் பெட்டியில் கொண்டுவந்தான்.

நான் வரைந்த முதல் கல் வீணாயிற்று. அம்மாவின் அடுப்படியைச் சாதாரண மார்க்கர் பேனாவால் வரைந்தேன். மேலே வார்னிஷ் ஸ்பிரே அடித்த நிமிஷமே கோடெல்லாம் கரைந்து ஓடிவிட்டது. இரண்டு மணி நேர வேலை, அழுகையே வந்துவிட்டது. வார்னிஷில் இருக்கும் கரைப்பான் மார்க்கர் மையையும் கரைத்துவிடுகிறது. அக்ரிலிக் பேனா என்றால் பயமில்லை. வெளியில் வெயில் மழையில் கிடக்கப்போகிற கல்லுக்கு வார்னிஷ் கட்டாயம் வேண்டும். வெயிலுக்கு நிறம் வெளுக்காத, வெளிப்புறத்துக்கென்றே விற்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். மொட்டை மாடியில் காற்றோட்டமாக, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு அடிக்க வேண்டும்.

பதினெட்டாவது கல் அப்பாவுடையது. அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஆடிக் காற்றில் புறவாசல் கதவு படபடவென்று அடிக்காமலிருக்க அவர் அண்டக் கொடுத்து வைத்த கருங்கல் ஒன்று அங்கேயே கிடந்தது. அத்தான் அதை அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து வந்துவிட்டார். கல்லைக் காணாமல் மூன்று நாள் தேடியிருக்கிறாள் அம்மா. கதவுக்கு ஒரு செங்கலை வைத்துவிட்டு, "உங்க அப்பா வச்ச கல்லை யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்று போனில் சொன்னபோது எங்களுக்கு வாயைத் திறக்க முடியவில்லை. அந்தக் கல்லுக்கு வெள்ளை அடிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. கருங்கல்லை அப்படியே விட்டு, ஒரு ஓரத்தில் மட்டும் அவருடைய சைக்கிளைத் தம்பி வரைந்தான்.

பிறந்தநாளன்று காலை, அம்மா எழுந்து வருவதற்குள் எல்லாவற்றையும் மாடத்தைச் சுற்றி அடுக்கிவிட்டோம். செம்போடு வந்தவள் அப்படியே நின்றாள். பிறகு ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்தாள். "இது யாருட்டி? இந்தப் பூச்சி யாரு விரலு?" கோலக் கல்லைத் தடவிப் பார்த்து, புள்ளிகளை விரல் விட்டு எண்ணினாள். கடைசியில் கருங்கல். கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது அவளுக்கு. "இது உங்க அப்பா கல்லுல்லா" என்றாள். சைக்கிளை அதற்கப்புறம்தான் பார்த்தாள். கல்லை மடியில் வைத்துக்கொண்டு மாடத்துத் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

ஐப்பசி மழை முழுக்க நனைந்தும் ஒரு கல்லிலும் பெயின்ட் உரியவில்லை. மொத்தச் செலவு, பெயின்ட், வார்னிஷ், நர்சரிக் கல் எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள். அம்மா வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்து, இடம் மாற்றி வைக்கிறாள். ஊருக்கு வந்து போனவர்களின் கல் முன்வரிசைக்கு வந்துவிடும். போன வாரம் போனில், "உன் கல்லு பின்னால போயிட்டு" என்றாள். சனிக்கிழமை பஸ் ஏறிவிட்டேன்.

உங்கள் வீட்டில் ஆச்சியோ தாத்தாவோ தோட்டத்தில் நடமாடுகிறார்களா? இந்த விடுமுறையைத் தவறவிடாதீர்கள். நாலு கல்லைக் கழுவி இன்றைக்கே வெயிலில் வையுங்கள். வார்னிஷ் அடிப்பதற்கு முன்னால் கல்லின் அடியில் வரைந்தவர் பெயரையும் தேதியையும் எழுதிவிடுங்கள். நாங்கள் மூன்று கல்லுக்கு மறந்துவிட்டோம்.