காட்டுகிறவனும் கணக்கெடுக்கிறவனும்

காரைக்கால் கடலில் முங்கிப் பார்க்க அதிகமாக ஒன்றுமில்லை. அரசலாறு கொண்டுவந்து கொட்டும் வண்டல், அதற்கப்பால் மணல். கலங்கிய நாட்களில் நீட்டிய கை நமக்கே தெரியாது. அதனால்தான் கிளிஞ்சல்மேட்டுப் பையன் ஒருவன், விலங்கியல் படித்தவன், புதுச்சேரிக்குப் போய்க் காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு உல்லாசப் பயணிகளைக் கடலடிக்கு அழைத்துப் போகும் வேலையில் சேர்ந்தான். சென்ற மாதம் வந்து, "அண்ணே, பரங்கிப்பேட்டையில கடல் உயிரியல் படிக்கலாம்னு இருக்கேன். இந்த வேலையையும் விடாம ரெண்டையும் சேர்த்துப் பாக்க முடியுமா?" என்று கேட்டான்.

எனக்கு விஞ்ஞானம் தெரியாது. கதை சொல்வதில் உள்ள தில்லுமுல்லு கொஞ்சம் தெரியும். ஆகவே அவனை உட்காரவைத்து 'மௌன உலகம்' படத்தைப் போட்டுக் காட்டினேன். கூஸ்தோவும் லூயி மாலும் எடுத்து, 1956-ல் கான் விழாவில் முதற்பரிசு பெற்ற பிரெஞ்சுப் படம்.

அழகான படம் என்பதில் சந்தேகமில்லை. தீவட்டிகளோடு மனிதர்கள் நீலத்துக்குள் இறங்கும் ஆரம்பக் காட்சிக்காகவே அதை இன்னொரு முறை பார்ப்பேன். கூஸ்தோ கடற்படை அதிகாரி. எமில் காஞன் என்ற என்ஜினீயரோடு சேர்ந்து 1943-ல் நீர்மூச்சுக் கருவியை உருவாக்கியவர். விஞ்ஞானிகளையும் கூட்டிப் போனார், காமிராவையும் கொண்டுபோனார். பையன் கேட்ட இரண்டும் ஒரே கப்பலில்.

அந்த இரண்டும் மோதும் இடத்தில்தான் படம் பொய் சொல்கிறது. பவளப் பாறையில் வெடி வைக்கிறார்கள். செத்த மீன்களைக் கரையில் பரப்புகிறார்கள். ஊதிப்போன பேத்தை ஒன்று காற்றுப்போய்ச் சுருங்குவதைக் காமிரா நிதானமாகப் பார்க்கிறது. வெடி வைத்து மீன் பிடிப்பது அநியாயம், ஆனால் இனங்களைக் கணக்கெடுக்க வேறு வழியில்லை என்று பின்னணிக் குரல் சமாதானம் சொல்கிறது. இருக்கலாம். ஆனால் கணக்கு எங்கே? எத்தனை இனம் என்று மனசில் நிற்கும்படி படம் ஒன்றும் சொல்லவில்லை. நிற்பது பேத்தைதான். பின்னால், கப்பலில் அடிபட்ட திமிங்கிலக் குட்டியைத் தின்ன வந்த சுறாக்களைக் கோடரியால் வெட்டும்போது விஞ்ஞானத்தின் பெயரைக்கூடச் சொல்வதில்லை.

பையனுக்குப் பிடித்தது ழோழோ என்ற களவா மீன். தீனி போட்டுப் பழக்கிய மீன். கடைசியில் மற்ற மீன்களைக் கிட்டே வரவிடாமல் அது தொந்தரவு செய்யவே, கூண்டில் அடைத்துவிடுகிறார்கள்!

நம் பக்கத்துக் கதை வேறு. மன்னார் வளைகுடாவின் பார்களை மூச்சடக்கி இறங்கியே அறிந்து வைத்திருந்தவர்கள் முத்துக் குளிப்பவர்கள். ஒரு முங்கலுக்கு எத்தனை சிப்பி என்று அவர்கள் எடுத்துவந்ததை எண்ணித்தான் அந்த வருஷம் குளிப்பு உண்டா இல்லையா என்று முடிவு கட்டினார்கள். அங்கே வழிகாட்டியின் கையில்தான் சாஸ்திரமே இருந்தது. பிறகு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து மகாதேவனும் நாகப்பன் நாயரும் தூத்துக்குடிக்கு அப்பால் தாங்களே இறங்கிப் பாறைத் தரையை விவரித்து எழுதினார்கள். அந்த வரிசைக் கட்டுரைகளில் ஒன்று 1967-ல் வந்தது. அதற்குப் பரிசும் இல்லை, சங்கீதமும் இல்லை. அந்தப் பார்களில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பும் இல்லை. இறங்கியவன் மேலே வந்து 'ஒன்றுமில்லை' என்று சொன்னால் அதுவும் அங்கே ஒரு கணக்கு.

இதைத்தான் பையனிடம் சொன்னேன். படிப்பில் 'இல்லை' என்று எழுதலாம். பணம் கட்டி வந்தவரிடம் அப்படிச் சொல்ல முடியுமா?

அவன் கொஞ்சம் யோசித்தான். "போன வாரம் ஒருத்தர்கிட்ட சொன்னேண்ணே, இன்னிக்குத் தண்ணி கலங்கல், ஒண்ணும் தெரியாதுன்னு. முதலாளி திட்டினாரு. ஆனா தண்ணி எத்தனை அடி தெளிவுன்னு தினமும் நோட்டுல எழுதி வைக்கிறேன். ரெண்டு வருஷமா."

"அந்த நோட்டை யார் பார்த்தார்கள்?" என்றேன்.

"யாரும் கேக்கலையே."

கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.