கரகரப்புக்குள் ஒரு குரல்

சிகாகோவில் குடியிருந்துகொண்டு செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் பேஸ்பால் அணியை நேசிப்பவருக்குப் பகலெல்லாம் கண்ணில் படுவது கப்ஸ் அணியின் நீலத் தொப்பிகள்தான். பொழுது சாய வேண்டும். வானொலியின் மத்திய அலையில் 1120-ஐத் தேடித் திருகியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினால், இரைச்சலுக்குள்ளிருந்து செயின்ட் லூயிஸின் கேஎம்ஓஎக்ஸ் நிலையம் மெல்ல மேலெழும். நானூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து இருட்டில் வரும் ஒலி. தேயும், மறுபடி வளரும். அந்தத் தேய்வளர்ச்சிதான் எனக்கு அழகு. வர்ணனையாளர் ஜாக் பக் கார்டினல்ஸ் ஆட்டங்களை வர்ணித்த காலத்தில் அவருடைய கரகரத்த குரல் எது, அலையின் கரகரப்பு எது என்று பிரிக்கவே முடிந்ததில்லை.

பந்து மட்டையில் படுகிற ‘டொக்’. உடனே குரல் மங்கிவிடும். ஆரவாரம் மட்டும் கசியும். அதன் கனத்தை வைத்தே பந்து எவ்வளவு தூரம் போனதென்று கணிக்கும் காது, எத்தனை இரவுகள் பொறுமையாகப் பழகிய காது!