மருட்கையும் வெகுளியும்: கசுவோ கோய்கேயின் சித்திரக்கதைகளில் கொலைத்தொழில் ஏற்ற கலைமகளிர்

தொல்காப்பியர் எண்ணிய எட்டு மெய்ப்பாடுகளும் உள்ளத்து நிகழ்வுகள் காண்போர்க்குப் புலனாகுமாறு உடலில் வெளிப்படுவன. ஆடுகளத்தில் நிற்கும் கலைஞர் தம் மெய்ப்பாட்டைக் காட்டி அவையோரை ஆட்கொள்கிறார். அந்த ஆற்றல் கொலைக்குப் பயன்படுமாயின் யாது நிகழும் என்னும் வினாவை, மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதை 1970களின் தொடக்கத்தில் எழுப்பியது. கதையாசிரியர் கசுவோ கோய்கே (1936–2019) படைத்த இரு பெண்களை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. இருவர் பெயரும் யுகி. வெண்பனி என்பது அதன் பொருள்.

முதலாமவள் ஓயுகி. கோசெகி கோஜிமாவின் ஓவியங்களுடன் 1970 முதல் 1976 வரை 'மங்கா ஆக்‌ஷன்' வார இதழில் வெளிவந்த 'கொசுரே ஓகாமி' தொடரின் ஒரு கதைக்கு உரியவள். கதை தொக்குகாவா ஆட்சிக்காலத்தில் நிகழ்கிறது. கபுகி மேடையில் பெண்கள் ஆடுவதை அவ்வாட்சி 1629இல் தடைசெய்தது. ஓயுகியோ கோமுனே எனப்பட்ட தெருக்கலைஞர் குடியினள். அக்குடியினர் நகரமாந்தராகக் கருதப்பட்டபோதிலும், தொழிலளவில் ஹினின் எனப்பட்ட ஒதுக்கப்பட்டோரின் தலைவனுக்குக் கட்டுப்பட்டிருந்தனர். வாள்வித்தை கற்று ஒரு சிற்றரசின் பணியில் சேர்ந்த ஓயுகியை, வீரன் ஒருவன் கண்மயக்கால் வென்று மானபங்கம் செய்கிறான். பணியை உதறி வெளியேறும் அவள், தன் உடலில் பச்சை குத்திக்கொள்கிறாள். பிடிக்க வரும் வீரர்முன் ஆடையை நெகிழ்த்துகிறாள்; அவர்கள் மலைத்து நிற்கும் கணத்தில் அவள் வாள் பாய்கிறது.

இக்காட்சியின் நுட்பத்தை மெய்ப்பாட்டியல் தெளிவாக்குகிறது. மருட்கை பிறக்கும் நிலைக்களன்களுள் முதலாவது புதுமை. காணாத ஒன்றைக் கண்ட வீரன் முகத்தில் மருட்கை தோன்றுகிறது. வெகுளிக்கு உறுப்பறுத்தல், குடியை நலிதல், அலைத்தல், கொல்லுதல் என நான்கு நிலைக்களன்கள் கூறப்படும். அலைக்கப்பட்ட ஓயுகியிடம் வெகுளி உண்டு. ஆனால் அது முகத்தில் தோன்றுவதில்லை. காண்பவன் தன் மெய்ப்பாட்டை வெளிப்படுத்துகிறான்; ஆடுபவள் தன்னுடையதை மறைக்கிறாள். அவை முழுவதும் தலைகீழாகிவிடுகிறது. கண்மயக்கால் வீழ்ந்தவள் கண்மயக்கையே கருவியாக்கிக்கொண்டாள் என்பதும் இங்குப் பொருந்துகிறது.

இரண்டாமவள் 'ஷுராயுகிஹிமே' கதையின் தலைவி. கசுவோ கமிமுராவின் ஓவியங்களுடன் 1972, 1973 ஆண்டுகளில் 'வீக்லி பிளேபாய்' இதழில் இத்தொடர் வெளிவந்தது. ஸ்நோ ஒயிட் கதையின் ஜப்பானியப் பெயரான ஷிராயுகிஹிமேயில் ஓர் எழுத்தை மாற்றி அமைத்த தலைப்பு இது. ஷுரா என்பது அசுரர் என்னும் வடசொல் பௌத்தத்தின் வழியே அங்குச் சென்று பெற்ற வடிவம். 1873ஆம் ஆண்டின் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் கிளப்பிய கலவரச் சூழலில் தாயின் கணவர் கொல்லப்படுகிறார். கொலைஞருள் ஒருவனைக் கொன்று சிறைப்பட்ட தாய், எஞ்சியோரைப் பழிவாங்க ஒரு மகவு வேண்டிச் சிறைக்காவலருடன் கூடுகிறாள். அவ்வாறு பிறந்த யுகி மேடைக் கலைஞர் அல்லள். எனினும் வேடம் புனைந்து பகைவரை நெருங்குவதே அவள் தொழில். அவள் குடைக்காம்பினுள் வாள் ஒளிந்திருக்கிறது.

இவ்விரு பெண்களையும் ஆணாதிக்கத்தை வென்ற விடுதலைப் பெண்களாகக் கொள்வது எளிது. ஆயின் அது பொருந்தாது. கூத்து முடிந்ததும் கலைஞர் வேடம் களைந்து வீடு திரும்புவர். ஓயுகியின் பச்சையோ களைய இயலாத வேடம். பழி தீர்ந்தபின்னும் அவளுக்கு வீடு இல்லை. ஐந்நூறு ரியோ பொன்னுக்குக் கொலை புரியும் கதைத்தலைவன் ஓகாமியின் வாளுக்கு அவள் இரையாகிறாள். மெய்ஜி காலத்து யுகியின் வேடம் அவள் பிறக்குமுன்பே புனையப்பட்டது. தாயின் வெகுளியே அவள் உடலாயிற்று. தனக்கென ஒரு வெகுளியைத் தெரிந்துகொள்ளும் உரிமைகூட அவளுக்கு வழங்கப்படவில்லை. இக்கதைகளின் வலிமை இந்த இரக்கமற்ற தெளிவில் உள்ளது.

அவற்றின் குறையும் மறைக்கத்தக்கதன்று. ஓயுகியின் மார்பைக் கண்ட வீரர் இறக்கின்றனர். அதே காட்சியைக் கட்டத்திற்குக் கட்டம் கண்ட வாசகர் இதழை மூடிவிட்டு நலமாக இருக்கிறார். 'வீக்லி பிளேபாய்' ஆடவர்க்கான இதழ். யுகி ஆடையின்றிப் பொருதும் காட்சிகள் பல. அவற்றுள் எல்லாம் கதைக்கு இன்றியமையாதன அல்ல. நோக்குவோனுக்குத் தண்டனை என்று கதை கூறுகிறது. நோக்குவோனுக்கு விருந்து என்று ஓவியம் அழைக்கிறது. கமிமுராவின் அமைதியான கோடுகள் வன்முறைக்கு அழகு சேர்க்குந்தோறும் இம்முரண் கூர்மையடைகிறது.

எனவே இக்கதைகளை மதிப்பிடுவோர் பெண் எத்தனை பேரைக் கொன்றாள் என்று எண்ணுவதோடு அமைதல் ஆகாது. யாருடைய மெய்ப்பாடு யாருக்குக் காட்டப்படுகிறது, அக்காட்சிக்கான விலையை யார் செலுத்துகிறார் என்பனவே உசாவத்தக்கவை. இக்கதைகளில் அவ்விலையைச் செலுத்தாத ஒரே ஒருவர் வாசகர்தாம்.