சொரசொரப்பு கடைசியில்தான் வரும்

கணினியில் கருவி வடிவமைக்கக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரு கைப்பிடியை வரைந்தே ஆக வேண்டும். பெரும்பாலும் அது ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடி. நடுவில் ஒரு அச்சுக்கோடு, அதன் ஒரு பக்கத்தில் பாதி உருவத்தின் வெளிக்கோடு. ‘ரிவால்வ்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் அந்தப் பாதிக்கோடு அச்சைச் சுற்றி ஒரு முழு வட்டம் வந்து திட உருவமாகிவிடும். கூர்விளிம்புகளை ‘ஃபில்லட்’ போட்டு மழுக்கினால் ஏறக்குறைய வேலை முடிந்தது. கடையில் தொங்கும் சரக்கு மாதிரியே இருக்கும். மிச்சம் இருப்பது கை வழுக்காமலிருக்க மேலே போடும் சொரசொரப்பு. பயிற்சிப் பாடங்களில் அதுதான் கடைசிப் படி. நான் படித்த பயிற்சி மையத்தில் அந்தப் படிக்கு வருவதற்குள் வகுப்பு நேரம் முடிந்துவிடும். “அது ஒரு அழகுக்குத்தாம்மா, வீட்ல போய் போட்டுக்கங்க” என்பார் ஆசிரியர்.

அந்தக் கடைசிப் படியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அது கடைசிக்குப் போவதற்கு நியாயமான காரணமும் உண்டு. லேத் பட்டறையில் ‘நர்லிங்’ என்று சொல்லும் வைரக்கட்ட வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைச் சுற்றி ஏறும் ஒரு திருகுகோட்டை வரைந்து, அதன் வழியே சின்ன முக்கோணம் ஒன்றை இழுத்துச் சென்று ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். அந்தப் பள்ளத்தைச் சுற்றிலும் நகலெடுக்க வேண்டும். பிறகு எதிர்ப்பக்கச் சாய்வில் அதே வேலை. 30 மி.மீ. விட்டமும் 80 மி.மீ. நீளமும் உள்ள ஒரு பிடி என்று வைத்துக்கொள்வோம். வரிகளுக்கு இடைவெளி 1.6 மி.மீ., சாய்வு 30 டிகிரி. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு திசையிலும் ஐம்பது பள்ளங்கள் போல வருகின்றன. அவை வெட்டிக்கொள்ளும் இடங்களில் சுமார் 2,500 குட்டிக் கூம்புகள். கூம்புக்கு நான்கு முகம் என்றால் 10,000 முகங்கள். சாதாரணக் கணினி அங்கேயே மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். அதனால் அனுபவசாலிகள் யாரும் நர்லிங்கை வரைவதில்லை. வரைபடத்தில் ‘டைமண்ட் நர்ல், 1.6’ என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். லேத்தில் அழுத்தி உருட்டும் சக்கரம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். திரையில் தெரிவதற்கு நர்லிங் போன்ற ஒரு படத்தை மேலே ஒட்டினால் போதும். சாலிட்வொர்க்ஸ் மென்பொருளின் 2019 பதிப்பில் இப்படி ஒட்டிய படத்தையே நிஜ மேடுபள்ளமாக மாற்றும் வசதியும் வந்துவிட்டது.

இதில் யாருடைய சதியும் இல்லை. ஆனால் ஒரு பழக்கம் உருவாகிறது. கைப்பிடி என்ற பொருளில் கையோடு நேரடியாகப் பேசுகிற ஒரே பகுதி அதன் மேற்பரப்பு. அதைப் படமாக ஒட்டிவிட்டுத் தாண்டிப் போகக் கற்றுக்கொடுக்கிறோம். மென்பொருளின் திரையில் முன்பார்வை உண்டு, மேற்பார்வை உண்டு, பக்கப்பார்வை உண்டு. சாம்பல் நிற வெட்டவெளியில் மிதக்கும் அந்தப் பிடியை எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். பிடிக்கத்தான் முடியாது. வியர்வையோ எண்ணெயோ ஈரமோ அங்கே கிடையாது. எட்டு மணி நேரமும் கிடையாது.

கடைசித் திட்ட வேலைக்கு ஆளுக்கொரு கருவியை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார்கள். பையன்கள் ஸ்பானர், சுத்தியல், கட்டிங் பிளேயர் கொண்டுவந்தார்கள். நான் அம்மாவின் கருக்கரிவாளைக் கொண்டுபோனேன். எங்கள் பக்கம் நெல்லறுப்புக்கு மெஷின் வந்து வெகுகாலமாகிறது; அந்த அரிவாளுக்கு இப்போது மாட்டுக்குப் புல்லறுக்கிற வேலைதான். மரப்பிடி. அதன் மேல் பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கீறிச் சுற்றியிருந்தாள் அம்மா. அந்த டியூப் வரைபடத்தில் ‘அசிங்கமாக’ இருக்கும் என்று, அதை விட்டுவிட்டு நல்ல பிடி ஒன்றை நானே வடிவமைத்தேன். ஸ்க்ரூ டிரைவர் பாடத்தில் இருந்த அதே 30 மி.மீ. விட்டம், அதே வைரக்கட்டம். த்ரீ-டி பிரிண்ட் எடுத்து, பழைய அரிவாள் ஒன்றின் காம்பைச் செருகி, பசை வைத்து இறுக்கி அம்மாவிடம் கொடுத்தேன்.

ஒரு கட்டுப் புல் அறுத்துவிட்டு வந்து உள்ளங்கையைக் காட்டினாள். சிவந்திருந்தது. “வழுக்கலடி. ஆனா தோலை உரிச்சிரும் போல இருக்கு. கீழ உருவிக்கிட்டும் போவுது.”

அவள் சொன்ன இரண்டாவது வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. ஸ்க்ரூ டிரைவரைக் கை திருகுகிறது. பிடி கைக்குள் சுழன்றுவிடாமல் இருக்க, நீளவாக்கில் ஓடும் வரிகள் வேண்டும். அரிவாளைக் கை இழுக்கிறது. இடது கை தாளைப் பற்ற, வலது கை அலகை உடலை நோக்கி இழுக்கும்போது பிடி கையிலிருந்து நீளவாக்கில் உருவப் பார்க்கும். அதைத் தடுக்கக் குறுக்கே வளையங்கள் வேண்டும். அடியில் ஒரு குமிழ் வேண்டும். அம்மா சுற்றிய டியூப் அப்படித்தான் இருந்தது: ஒரு சுற்றின் ஓரம் இன்னொரு சுற்றின் மேல் ஏறி, குறுக்கு வரிகளாக. வைரக்கட்டம் இரண்டு திசைக்கும் கொஞ்சம் கொஞ்சம் உதவும். அதற்கு விலையாகத் தோலைக் கேட்கும். எப்போதாவது நாலு ஸ்க்ரூ முடுக்குகிறவருக்கு அந்த விலை பெரிதில்லை. ஆக, சொரசொரப்பின் திசை என்பது வேலையைப் பற்றிய ஒரு கூற்று. பாடத்தில் வந்த கூற்று, எங்கள் வீட்டில் யாரும் செய்யாத ஒரு வேலையைப் பற்றியது.

யாருடைய வேலை ‘கருவியோடு செய்யும் வேலை’யாக எண்ணப்பட்டது என்ற கேள்விக்கு வடிவமைப்புத் துறையின் மூல நூல்களிலேயே பதில் இருக்கிறது. ஹென்றி டிரேஃபஸ் 1955-இல் எழுதிய ‘டிசைனிங் ஃபார் பீப்பிள்’ இன்றும் மாணவர்களுக்குச் சிபாரிசு செய்யப்படும் புத்தகம். மனித உடலுக்கு ஏற்பத்தான் பொருள் இருக்க வேண்டும் என்று வாதாடியவர் அவர். அந்த நன்றி நமக்கு உண்டு. தன் அலுவலகச் சுவரில் இருந்த சராசரி ஆணுக்கு ஜோ என்றும் சராசரிப் பெண்ணுக்கு ஜோசஃபின் என்றும் பெயர் வைத்திருந்தார். அவர்களை அறிமுகப்படுத்தும் இடத்தில் ஜோ டிராக்டர் ஓட்டுகிறான், பீரங்கி வண்டிக்குள் நுழைகிறான், விமான இருக்கைக்கு அளவு கொடுக்கிறான். ஜோசஃபினுக்கு இஸ்திரி போடுவது, வாக்வம் கிளீனர் தள்ளுவது, தொலைபேசி இணைப்பகத்தில் உட்காருவது, கடிதம் தட்டச்சு செய்வது. 1960-இல் அந்த அலுவலகம் அளவுப் படங்களைத் தனியே வெளியிட்டபோது வைத்த தலைப்பு ‘தி மெஷர் ஆஃப் மேன்’. உள்ளே பெண்ணின் அளவுகளும் இருந்தன. அட்டையில் பெண் இல்லை. ‘மேன் அண்ட் உமன்’ என்று தலைப்பு மாற 1993 வரை ஆயிற்று. வெறும் தலைப்புதானே என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, பெண்ணின் அளவைச் சேர்த்துவிட்டால் போதுமா? அமெரிக்க ராணுவம் 1988-இல் எடுத்த உடலளவுக் கணக்கெடுப்பு வடிவமைப்பாளர்கள் அதிகம் புரட்டும் தரவுகளில் ஒன்று. அதில் ஆண் கையின் சராசரி நீளம் 19 செ.மீ.க்குச் சற்று மேல், பெண் கையினுடையது 18 செ.மீ. சொச்சம். இந்த எண்களைப் பார்த்ததும் துறை செய்யும் முதல் வேலை, ‘ஸ்கேல்’ கட்டளையில் 0.9 என்று அடிப்பது. பிறகு இளஞ்சிவப்பு நிறம். பெண்களுக்கான டூல் கிட் தயார். வடிவமைப்பாகப் பார்த்தாலும் இது சோம்பேறித்தனம். மொத்தத்தையும் 0.9 ஆகச் சுருக்கினால் வரிகளின் இடைவெளியும் 1.6-இலிருந்து 1.44 ஆகச் சுருங்கும். அப்படி ஒரு நர்லிங் சக்கரத்துக்குக் கடையில் எங்கே போவது? பெண்ணின் விரல்நுனித் தோலோ வியர்வையோ 0.9 மடங்கு ஆகிவிடுவதில்லை. அந்தக் கணக்கெடுப்பில் அளவு கொடுத்த பெண்கள் அமெரிக்கச் சிப்பாய்கள் என்பதையும் மறக்க வேண்டாம். இந்திய வயல்களில் வேலை செய்யும் ஆண், பெண் இருபாலரின் உடலளவையும் வலுவையும் அளந்து, போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் 2009-இல் ஒரு தரவு நூல் வெளியிட்டிருக்கிறது. எங்கள் பயிற்சி மையத்தில் அதன் பெயரை யாரும் உச்சரித்ததில்லை.

சின்னக் கைக்குச் சின்னப் பிடி என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்கு ஒரு காய்கறித் தோல்சீவி போதும். ஆக்ஸோ குட் கிரிப்ஸ். 1990-இல் விற்பனைக்கு வந்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகச் சேகரிப்பில் இடம்பெற்றது. அதன் பிடி பழைய தகரச் சீவியைவிட மிகவும் தடிமன், ரப்பர் போன்ற பொருள், பெருவிரலும் ஆள்காட்டி விரலும் அழுந்தும் இடத்தில் வளைந்துகொடுக்கும் மெல்லிய செதில்கள். வலியுள்ள, வலுக்குறைந்த கைக்குத் தடித்த பிடிதான் தோது. இறுக்கி மடக்க வேண்டியதில்லை. செதில்கள் கண்ணுக்கும் ‘இங்கே பிடி’ என்று சொல்லிவிடுகின்றன. சொரசொரப்பை முதல் கேள்வியாக எடுத்துக்கொண்டால் பொருள் எப்படி மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அதன் பிறப்புக் கதையும் வடிவமைப்பு வகுப்புகளில் சொல்லப்படுவதுதான். பெட்ஸி ஃபார்பர் என்ற பெண்ணுக்கு மூட்டுவாதம். ஆப்பிள் சீவக் கஷ்டப்படுகிறார். சமையல் சாமான் தொழிலதிபரான கணவர் சாம் ஃபார்பர் அதைப் பார்த்து மனமிரங்கி ஒரு நிறுவனம் தொடங்குகிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெட்ஸி கட்டடக்கலை பயின்றவர் என்பதும், பிடி எப்படி இருக்க வேண்டும் என்ற யோசனையில் தனக்குப் பங்கு இருந்தது என்று அவரே பின்னாளில் சொன்னதும் அந்தக் கதையில் வருவதில்லை. யோசனைக்காக அல்ல, நோய்க்காகவே தான் நினைக்கப்படப் போகிறேன் என்று அவர் வருத்தப்பட்டிருக்கிறார். கை அவருடையது, வலி அவருடையது, யோசனை மட்டும் இன்னொருவருடையது! மாணவிகள் இந்தக் கதையைத் தேர்வில் எழுத நேர்ந்தால் பெட்ஸியின் படிப்பையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். மதிப்பெண் குறையாது.

தொழிற்சாலைப் பக்கம் வந்தால் கைக்கு இன்னும் ஒரு போட்டி உண்டு. பிளாஸ்டிக் பிடியின் சொரசொரப்பு அச்சின் உட்சுவரில் அரித்து உண்டாக்கப்படுகிறது. வார்த்த பிடி அச்சிலிருந்து சிராய்க்காமல் கழன்று வர, சுவர் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு 0.025 மி.மீ. ஆழத்துக்கும் ஒன்று முதல் ஒன்றரை டிகிரி சாய்வு கூடுதலாகக் கொடு என்பது பட்டறை விதி. ஆழம் கூடினால் சாய்வு கூடும். சாய்வு கூடினால் வடிவம் கெடும். அச்சு செய்கிறவர் அச்சுக்காகப் பேரம் பேசுவார். அந்த மேஜையில் கைக்காகப் பேரம் பேச ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதாக நான் பார்த்த வரையில் இல்லை.

சொரசொரப்பு பெண்களுக்குப் புதிய விஷயமுமில்லை. அம்மி கொத்தணுமா என்று கூவிக்கொண்டு உளியோடு தெருவில் வந்த பெண்களை என் வயதுக்காரிகளுக்கு நினைவிருக்கும். தேய்ந்து வழவழத்த கல் அரைக்காது. எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு ஆழமாகக் கொத்த வேண்டும் என்பது அவர்கள் கையில் இருந்தது. மேற்பரப்புப் பொறியியல் என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. கொத்தியதற்குக் காசைப் பேரம் பேசிக் குறைத்தோம்.

அரிவாளுக்குத் திரும்பி வருகிறேன். இரண்டாவது தடவை வைரக்கட்டத்தைத் தூக்கிவிட்டுக் குறுக்கு வளையங்கள் போட்டேன். முனை மழுங்கியவை, அடியில் குமிழ். வரைவதும் எளிது, ஒரு வளையத்தை வரைந்து நீளவாக்கில் நகலெடுத்தால் முடிந்தது. ஆசிரியர் பார்த்துவிட்டு, “ரெண்டர்ல பழைய டிசைன்தாம்மா எடுப்பா இருந்துச்சு” என்றார். மதிப்பெண்ணும் அதற்கேற்பத்தான் வந்தது. அம்மா வாங்கிப் பார்த்து, “இது தேவல” என்றாள்.

இரண்டு நாள் கழித்து மாட்டுக் கொட்டகையில் அந்த அரிவாளைப் பார்த்தேன். என் வளையங்களுக்கு மேல் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. கோபம்தான் முதலில் வந்தது. பிறகு வெர்னியர் எடுத்து அளந்தேன். டியூபோடு சேர்த்து விட்டம் 34 மி.மீ. அமெரிக்காவின் தொழில்நலப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமும் கலிஃபோர்னியா மாநில அரசும் சேர்ந்து 2004-இல் வெளியிட்ட கைக்கருவி வழிகாட்டி ஒன்று உண்டு. அழுத்திப் பிடித்து வேலை செய்யும் கருவிக்குப் பிடியின் விட்டம் ஒன்றேகால் அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் வரை, அதாவது சுமார் 32 முதல் 51 மி.மீ., இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. விட்டம் போதாவிட்டால் மேலே ஓர் உறை போட்டுக்கொள்ளவும் அதிலேயே யோசனை இருக்கிறது. சொரசொரப்பின் திசையைப் பற்றி அவ்வளவு யோசித்த நான், பாடத்தில் கொடுத்த 30-ஐ ஒரு முறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

“ஏம்மா, தடிமன் பத்தலன்னு சொல்லியிருக்கலாம்ல?” என்றேன்.

“நீ வரியப் பத்தித்தானடி கேட்ட” என்றாள்.